எல்லாருக்கும் ஒரே டாஸ்க்

மேலாளர் கூப்பிடுகிறார் என்றதுமே அவள் அவருடைய அறைக்கு ஓடினாள். புது ப்ராஜெக்ட்டில் யாருக்கு என்ன வேலை என்ற டாஸ்க்குகளைக் காலையில் அலுவலகச் செயலியில் அவசர அவசரமாக ஏற்றியவள் அவள்தான்.

"என் பேருக்கு ஒரு டாஸ்க் வந்திருக்கு. நீங்க போட்டதா?"

"ஆமா சார். பழைய டாஸ்க்கை காப்பி பண்ணினதா நினைச்சு, எனக்காக எழுதி வச்சிருந்த குறிப்பை பேஸ்ட் பண்ணிட்டேன். பன்னிரண்டு பேருக்கும் அதுவே போயிடுச்சு. இப்பவே அழிச்சிடறேன் சார்."

"யாராவது என்னன்னு கேட்டாங்களா?"

"இல்ல சார். எட்டு பேர் 'முடிந்தது'ன்னே போட்டுட்டாங்க. படிக்காம போட்டிருப்பாங்க."

"படிச்சுட்டுத்தான் போட்டிருக்காங்க. மாடிப்படி முழுக்க ஆளாளுக்கு போனும் கையுமா நிக்கிறாங்க, பார்க்கலையா?"

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

'இன்னைக்காவது அப்பாவுக்கு போன் பண்ணணும். சாக்கு சொல்லக் கூடாது.'

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "மன்னிச்சிடுங்க சார்."

"எனக்கும் எங்க அப்பாவுக்கும் பேச்சு நின்னு ஆறு வருஷமாச்சும்மா." அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "போன்ல பேசித் தீராது. அழிக்க வேண்டாம். எனக்கு மட்டும் கடைசி தேதியை நாளைக்குன்னு மாத்திடுங்க."