பதினேழாம் எண் நீக்கப்பட்டது

"என்னை ஏம்மா நீக்கினீங்க?"

உளவியல் துறை வாசலில் வழிமறித்து நின்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தது கூடத் தெரியவில்லை அவருக்கு.

மாணவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளுடைய ஆய்வறிக்கையை அச்செடுத்துக் கொடுத்தவரே அவர்தான். மனுஷன் இருபத்து மூன்றாம் பக்கத்தைப் படித்துத் தொலைத்திருக்கிறார். 'பதினேழாம் எண் மற்றவர்களிடமிருந்து வெகுவாக விலகியிருப்பதால் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது.'

அவளுக்காகக் கேள்வித்தாள் நிரப்பிய முப்பது பேரில் பதினேழாம் எண் அவர்; அவர் தாளின் மூலையிலேயே அந்த எண் போட்டிருந்தது. ஒரே நிமிஷத்தில், சிரித்துக்கொண்டே நிரப்பிக் கொடுத்திருந்தார்.

ஒருத்தர் மட்டும் கோடியில் நின்றால் மொத்தச் சராசரியும் கெட்டுப்போகும், புள்ளியியலில் இது சகஜம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். காதில் ஏறினால்தானே! அப்போ என் மதிப்பெண்ணைச் சொல் என்றார். ஆய்வு முடியும்வரை அதைச் சொல்லக் கூடாது என்பது விதி.

"இருபத்தொம்பது பேரும் மனுஷங்க. நான் மட்டும் என்னவாம்?"

நாலு நாளாகத் தூக்கமில்லையாம். சாப்பாடு இறங்கவில்லையாம். உங்களிடம் ஏதோ கோளாறு என்று கல்யாணமான அன்றைக்கே தெரியும் என்கிறாளாம் பெண்டாட்டி. பார்க்கப் பாவமாக இருந்தது.

அவள் பாடும் திண்டாட்டம்தான். முப்பதுக்கு ஒன்று குறைந்தாலும் தொடமாட்டேன் என்று காலையில்தான் பேராசிரியர் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்திருந்தார். மாலை ஐந்துக்குள் தராவிட்டால் இந்த வருஷப் படிப்பு அம்போ.

வேறு வழியில்லாமல் அதே கேள்வித்தாளை மறுபடி நீட்டினாள். அவர் சுவரோரம் உட்கார்ந்து, எழுதி, அடித்து, மறுபடி எழுதி, முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கொடுக்கும்போது தாள் வியர்வையில் நனைந்திருந்தது.

அவள் கூட்டிப் பார்த்தாள். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் கூட்டினாள். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

முப்பது பேரும் சேர்ந்தாயிற்று, ஆய்வு முடிந்தது, இனி மதிப்பெண்ணைச் சொல்லலாம் என்றாள். அவர் கையைப் பிசைந்துகொண்டே எழுந்து நின்றார்.

"போன தடவ உங்களுக்குக் கவலை பூஜ்யம் அண்ணா, இப்பதான் எல்லாரையும் மாதிரி ஆகியிருக்கீங்க."