பம்ப் இரையும் சத்தம்

காய்ச்சலில் காது போனபின் மெக்கானிக் தேவசகாயத்தின் பட்டறைக்கு வந்த முதல் கார் அது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும், புகையோடு காற்றைச் சேர்க்கும் சிறு பம்ப் கொஞ்ச நேரம் இரைய வேண்டும்.

"இரையுதா?" என்று மனைவி எஸ்தரைக் கேட்டான். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

பேட்டரியிலிருந்து பம்புக்கு நேரடியாக ஒயர் கொடுத்தான். அவள் முகம் மலர்ந்தது. அப்படியானால் பம்ப் நல்லது, அதற்குக் கரண்ட் விடும் ரிலேதான் போயிருக்கிறது. புது ரிலே மாட்டி, எஞ்சின் நன்றாக ஆறியதும் மறுபடி கிளப்பினான்.

"இரையுதுங்க!" என்றாள். உதட்டசைவில் அவனுக்குப் புரிந்தது.

"சத்தம் எப்படிடீ இருக்கு?"

எஸ்தர் வாசலைப் பார்த்தாள். யாருமில்லை. அவனுடைய கரிபடிந்த கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து, அதைப் போலவே இரைந்தாள். பம்ப் நின்ற பிறகும் அவள் நிறுத்தவில்லை.