ஒழுங்கையை மறிக்கும் செபமாலை

எங்கள் குறுகிய ஒழுங்கையின் வாயிலில் கதிரை போட்டு மாதா சுருவத்தை இருத்தியிருக்கிறார்கள். மெழுகுதிரியின் சுடர் காலை வெயிலில் தெரியவில்லை. அதன் மேலே காற்று மட்டும் நடுங்குகிறது. ஒழுங்கையை அகலமாக்க அளக்க வந்தவர் கையில் அளவு நாடாவோடு, தொப்பியைக் கழற்றிவிட்டு, செபமாலை முடியட்டும் என்று நிற்கிறார். அவரும் கத்தோலிக்கர்தான் போலும். “மாதாவைத் தாண்டி நாடாவை இழும் பாப்பம், தம்பி” என்கிறார் கிறகரி அண்ணன். யாரோ சிரிக்கிறார்கள். மதில்களில் எதுவரை இடிப்பது என்று குறித்த சிவப்புக் கோடுகள். வீதி வந்தால் றஞ்சிதம் அக்காவின் குசினியில் பாதி போய்விடும். செபமாலையின் ஐந்து பத்துகளில் நான்காவது முடிந்ததும் அக்கா என்னைப் பார்க்கிறார். “கடைசிப் பத்து எங்கட டினோஜான்ர ஆத்துமத்துக்கு. நீ தொடங்கு, றோய்.” எல்லோரும் தலை குனிகிறார்கள். மாசியில் என் மனைவி டினோஜாவுக்கு மூச்சு முட்டியபோது அம்புலன்ஸ் இந்த இடத்தில்தான் நின்றது. உள்ளே வர இடம் போதவில்லை. இவர்கள்தான் அவளைப் போர்வையில் கிடத்தி, வெறுங்காலோடு மணலில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அதற்குள் பிந்திவிட்டது. அதை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. ஒருவரும் சொல்லவும் இல்லை. கடற்காற்றில் அக்காவின் முக்காடு படபடக்கிறது. “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்று தொடங்குகிறேன். ஒழுங்கை முழுவதும் என்னோடு சேர்ந்துகொள்கிறது. அளக்க வந்தவர் நாடாவை மெல்லச் சுருட்டுகிறார்.