கவிழ்க்காத தோணி

"மாமா, கவுந்த தோணிக்குள்ள எப்படி மூச்சு விடுறது?"

சொல்லிவிட்டுப் பொன்னுத்துரை சற்று நிறுத்தினார். "இப்படி ஒரு புள்ள என்கிட்ட கேட்டுச்சு தம்பி. அதனாலதான் சொல்றேன். இந்தத் தோணியக் கவுத்துப் போட ஏலாது."

கௌதம் தலையைச் சொறிந்தான். டெய்ரி ஃபார்ம் பகுதியில் கார் சாமான் கடை வைத்திருப்பவன். பெரியவரின் மருமகன் காரில் தோணி ஏற்றவேண்டும் என்று ஃபோன் வந்ததால், கூரையில் பொருத்தும் கேரியரில் இரண்டு தினுசு எடுத்துக்கொண்டு மின்னி பே பகுதியில் இருந்த அவர் வீட்டுக்கே வந்திருந்தான்.

"ஐயா, இந்த வளைவுக் கேரியர்ல தோணி நிமிர்ந்து உட்காரும், சரி. ஆனா மேலே பாருங்க, பாரிஷ் மேகம் கட்டிக்கிட்டு நிக்குது. கப்பல் ஜெட்டி போறதுக்குள்ள ரொம்பித் தொட்டியாயிடும். உங்க மாப்பிள்ளை கார் கூரை அப்பளம்தான். தட்டைக் கேரியர்ல உல்ட்டாவாக் கவுத்துப் போட்டா தண்ணி வழிஞ்சு ஓடிடும்."

"தண்ணிய நான் இறைச்சுக்கிறேன்."

"எப்படி? ஓடுற கார் மேல உட்கார்ந்தா?"

பொன்னுத்துரை சிரிக்கவில்லை. கச்சல் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்துத் தோணி அது. நாளைக் கப்பலில் கொண்டுபோய் அங்கேயே கடலில் விட்டுவிடப் போகிறார். அதன் பிறகாவது அந்தச் சத்தம் நிற்குமா என்று பார்க்கவேண்டும் என்றார்.

"என்ன சத்தம் ஐயா?"

"தட்டுற சத்தம். மழை பெய்ஞ்சா உள்ளேருந்து கேக்கும். மகளுக்குக் கேக்காது, மருமகனுக்குக் கேக்காது. பக்கத்து வீட்டு பெங்காலியம்மா மட்டும் இருட்டினா இந்தப் பக்கம் வர்றதில்ல."

காற்று நின்றுபோயிருந்தது. ஒரு தென்னை ஓலைகூட அசையவில்லை.

"சுனாமி அன்னிக்குக் கச்சல்ல இந்தத் தோணி மரங்களுக்கு நடுவுல கவுந்து மாட்டிக்கிச்சு. யாரு பெத்த புள்ளையோ, என் கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தொங்குது. மரமும் தகரமும் அடிச்சுக்கிட்டு வருது. மேல வெச்சா நசுங்கிரும். தோணிக்குள்ள காத்து இருந்துச்சு, அதுக்குள்ள ஏத்தி விட்டேன். அப்பத்தான் அப்படிக் கேட்டுச்சு. 'வெளியேருந்து நான் தட்டுறேன், நீ திருப்பித் தட்டு, பயமில்ல'ன்னேன். தட்டுச்சு. அடுத்த அலை என்னை இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. தண்ணி வடிஞ்சு வந்து பார்த்தா தோணி இருக்கு. உள்ளே புள்ள இல்ல."

கௌதம் கையிலிருந்த ஸ்பானர் நழுவி விழுந்தது. குனிந்தவன் நிமிர வெகுநேரமாயிற்று.

"தட்டைக் கேரியரே போடுவோம்," என்றான். "ஒரே ஒரு தடவை கவுப்போம் ஐயா. நான் கூட இருக்கேன்ல?"

மரம் நோகாமலிருக்கத் தன் தோள் துண்டைக் கிழித்துக் கேரியர் கம்பிகளில் சுற்றினான். அந்தச் சின்னக் கரிசனத்தில் பொன்னுத்துரை இளகிப்போனார்.

இருவரும் தூக்கினார்கள். சுனாமிக்குப் பிறகு இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தோணி கவிழ்ந்தது. அதன் வயிற்றுக்குள் இருட்டு போய் அடைந்துகொண்டது. பட்டையை இழுத்துக் கட்ட, கௌதம் அந்தப் பக்கம் போய்விட்டான். தூறல் விழத் தொடங்கியது. தெருவில் ஓர் ஆளில்லை.

பொன்னுத்துரையின் கை தானாக எழுந்து தோணியின் முதுகில் இரண்டு முறை தட்டியது.

உள்ளேயிருந்து பதில் வந்தது. இரண்டு தட்டு. பிறகு, நகத்தால் நீளமாக ஒரு கீறல்.

"முருகா!" என்றார். அன்று அந்தப் புள்ள தட்டியதைப் பலரிடம் சொல்லியிருக்கிறார். தட்டிய பிறகு அது நகத்தால் கீறியதைத் தன் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

தோணிக்கு அந்தப் பக்கமிருந்து, தோணிக்குள் விட்ட கையை எடுக்காமலே, கௌதம் சொன்னான்:

"அன்னிக்கு நல்லாவே மூச்சு விட முடிஞ்சுது, மாமா."