இரண்டு லோடு விறகு

டாஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. எல்டன் இன்ஜினை அணைத்துவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவனைப்போல் தொப்பியைக் கழற்றினான்.

“முடிஞ்சுது ஆர்லீன். உள்ள ஆயிலெல்லாம் தார் மாதிரி கெட்டிப்பட்டுப் போச்சு. ஆயிலை உறிஞ்சுற சல்லடையே அடைச்சுக்கிட்டா பிரஷர் எங்கேருந்து வரும்? இருபது மைல் தாண்டாது. இன்ஜின் இறுகிடும்.”

ஆர்லீன் அந்த விளக்கையே பார்த்தாள். கரும்பச்சை டர்போ கார், அவள் கணவர் வெண்டல் ஆசை ஆசையாக வைத்திருந்தது. அவருடைய கடைசி இரண்டு வருஷமும் நாலு மைல் தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமே அதன் வேலையாக இருந்தது. ஏப்ரலில் அவர் போன பிறகு அதுவும் இல்லை.

எல்டன் சொன்னது அத்தனையும் பொய்.

அரை மணி நேரத்துக்கு முன் அவன் ஸ்டார்ட் செய்தபோது அந்த விளக்கு ஒரு கணம் எரிந்து ஒழுங்காக அணைந்தது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தான். மேப்பிள் பாகுபோல் பொன்னிறத்தில் பளபளத்தது. விற்கிற காராயிற்றே என்று பக்கத்து வீட்டுக்காரர் போன வாரம்தான் புது ஆயில் ஊற்றிக் கொடுத்திருந்தார்.

வருஷா வருஷம் ஜூலையில் டர்போ கார்க்காரர்கள் கூடும்போதெல்லாம் இந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தவன் எல்டன். வெண்டல் சிரித்தே விரட்டிவிடுவார். இப்போது விரட்ட ஆள் இல்லை. ஆர்லீன் காபி எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, ஆயில் பிரஷர் சென்சாரின் ஒயரைப் பிடுங்கி, அதன் முனை இன்ஜின் இரும்பில் படும்படி சொருகினான். இனி சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

காபியோடு வந்தவள், காரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தாள். வெண்டல் புராணம் கேட்க யாருக்குப் பொறுமை? முதலில் இதைப் பாருங்கள் என்று சாவியைத் திருப்பிவிட்டான்.

அப்படித்தான் அந்தத் துக்க விசாரிப்பு நடந்தது.

அவள் கண் கலங்கியதும் எல்டன் குரலில் இன்னும் கொஞ்சம் இரக்கம் சேர்த்தான். பழைய இரும்புக்குத்தான் இது போகும், வெண்டல் முகத்துக்காக இரண்டு லோடு விறகு தருகிறேன், பனி விழப்போகிறதே என்றான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“காய்ஞ்ச விறகா?”

காய்ந்த விறகு, குளிர்காலத்துக்கு அவன் வீட்டுக் கணப்பு அடுப்புக்கென்று அடுக்கி வைத்தது மட்டும்தான். அதையே தன் ட்ரக்கில் கொண்டுவந்து கொட்டினான். நாளைக்கே பாஸ்டனிலிருந்து ஒருவர் காரை வாங்கிக்கொள்ளக் காத்திருந்தார், அந்தக் காசில் பத்து லோடு வாங்கலாம். அவன் மனைவி பானிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. காலி ட்ரக்கை ஓட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்தபடி முன்னால் போய்விட்டாள்.

ஆர்லீன் கார் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிறகு, அவன் வீடு இருபத்திரண்டு மைலாயிற்றே, ட்ரக்கில் கட்டி இழுத்துப் போயிருக்கலாமே என்று கவலைப்பட்டாள். அது என் பாடு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

முதல் வளைவு தாண்டி ஒயரைச் சரியாகச் சொருகிவிடலாம் என்று நினைத்திருந்தான். பனி தூற ஆரம்பித்தது. இந்தக் குளிரில் யார் இறங்குவது? விளக்கு எரிந்தால் எரியட்டும், ஏற்றிவைத்தவனுக்குத் தெரியாதா அதன் லட்சணம்! கிழவியை ஏமாற்றியதை நினைத்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான்.

மலை ஏற்றத்தில் ஆசை தீர மிதித்தான். டர்போ ஊளையிட்டுக்கொண்டு இழுத்தது. அடியில் டக் டக் என்று ஏதோ சத்தம் கேட்டது. கல் தெறிக்கிறது என்று ரேடியோவைக் கூட்டி வைத்தான். பத்தொன்பதாவது மைலில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

இறங்கிப்போய் ஒயரை அதன் இடத்தில் சொருகினான். சாவியைத் திருப்பினான். இன்ஜின் அசையவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டான். தீய்ந்த பாகுபோல் கறுப்புப் பசை விரலில் அப்பிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷ நாலு மைல் ஓட்டத்தில் சரியாகச் சூடேறாமல் உள்ளே சேர்ந்து ஒட்டிக்கிடந்ததைப் புது ஆயில் கரைத்துப் பெயர்த்து, நேராகச் சல்லடையில் கொண்டுபோய் அடைத்திருந்தது. பனி கொட்டத் தொடங்கியிருந்தது. வீட்டு அடுப்புக்கு ஒரு கட்டை இல்லை என்பதும், பானியின் முகமும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

ஆர்லீனுக்கு போன் போட்டான். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. உன் புருஷன் இன்ஜினைக் கொன்று வைத்திருக்கிறான், தெரிந்தே என் தலையில் கட்டிவிட்டாய் என்று கத்தினான்.

மறுமுனையில் அடுப்பில் காய்ந்த விறகு படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டது. ஆர்லீன் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டாள்:

“எங்க பழைய மெக்கானிக் சொன்னதைச் சொல்லத்தானே காபியோட வந்தேன்... அதுக்குள்ள நீயே வார்த்தை மாறாம சொல்லிட்டியேப்பா?”