சாயங்கால வெளிச்சம்

இயக்குநர் செத்த அன்றே அந்தப் பேச்சும் கிளம்பிவிட்டது. "உன் புருஷன் செத்துட்டான்" என்று உப்பளத்துப் பெண் ஒருத்தியிடம் பொய் சொல்லி, அவள் கதறியதைத்தான் படமெடுத்து விருது வாங்கினாராம்.

அவருடைய பரம ரசிகனான நிருபர் சித்தார்த்தனுக்கு மனசு ஆறவில்லை. மரக்காணம் உப்பளத்துக்கே வந்து, உப்பு வாரிக்கொண்டிருந்த அந்தப் பெண் சகாயசெல்வியிடம் மைக்கை நீட்டினான்.

"அக்கா, டைரக்டரு உங்ககிட்ட பொய் சொன்னாராமே?"

"இல்லியே. அவரு பொய்யே சொல்லல."

சித்தார்த்தனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இத அப்படியே கேமராவப் பாத்துச் சொல்லிடுங்கக்கா. அவரு மேல இருக்குற பழி போயிடும்."

கையிலிருந்த உப்பு வாரும் பலகையைக் கீழே வைக்காமலே அவள் கேமராவைப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரரு பாண்டி ஆஸ்பத்திரியில செத்தது நெசந்தான். எங்கிட்ட போனு இல்ல, காலையிலயே டைரக்டரு போனுக்குத் தகவல் வந்துடுச்சு. எங்கிட்ட சாயங்காலந்தான் சொன்னாரு."

சித்தார்த்தனின் கை தானாகத் தாழ்ந்தது. "ஏங்க்கா அவ்ளோ நேரம்?"

சகாயசெல்வி மறுபடி உப்பை வார ஆரம்பித்திருந்தாள்.

"வெயில் சாஞ்சாத்தான் உப்பு மின்னும்னு காத்திருந்தாரு."