பின்னறைச் சுவர்

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஓய்கிறது. மேற்கு யன்னலால் விழும் வெயிலில் ஏணி மேல் நின்றுகொண்டு றிஸ்மியா ஹோல் சுவரின் பழைய பச்சைக்கு மேல் சாம்பல் நிறம் பூசுகிறாள். அவளுக்குக் கலியாணம் முடிந்து மூன்று வாரம். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிட்டார். வீடு மகளின் பேருக்கு எழுதியாயிற்று. உம்மா ஸுலைஹாவின் பாயும் தலையணையும் குசினிக்குப் பின்னாலுள்ள அறைக்குப் போய்விட்டன. அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவளுடைய உம்மாவும் ஒருநாள் அந்த அறைக்குத்தான் போனாள். இப்போது ஸுலைஹாவின் கையில் ஆயத்துல் குர்ஸி வசனம் எழுதிய கண்ணாடிச் சட்டம் இருக்கிறது. மௌத்தாகிப்போன கணவர் அதற்கென்று அடித்த ஆணியை மகள் பிடுங்கிவிட்டாள். ஓட்டையைப் புட்டிப் பசையால் அடைத்து, அதன் மேலும் பெயின்ற் உருளையை ஓட்டியபடி சொல்கிறாள்: "இனி இதுல ஆணி அடிக்காதீங்க உம்மா. சுவர் வெறுமையா இருந்தாத்தான் வடிவாம், அவர் சொன்னவர்."

"ஓம் மகள், வடிவுதான்."

யன்னல் விளிம்பில் கிடக்கும் அந்தத் துரு ஆணியையும் எடுத்துக்கொண்டு ஸுலைஹா பின்னறைக்குப் போகிறாள். சட்டத்தை முந்தானையால் துடைத்துத் தலையணை மேல் வைக்கிறாள். தோதான இடம் பார்த்து, ஆணியைச் சுவரில் ஊன்றி, சுத்தியலை ஓங்குகிறாள். ஓங்கிய கை அப்படியே நிற்கிறது.

"மகள், இதுக்குள்ள ஒண்டு அடிக்கவா?"

ஹோலில் உருளையின் ஈரச் சத்தம் நிற்கிறது.

"பொறுங்க உம்மா. அவர் வரட்டும், கேட்டுச் சொல்றன்."

சத்தம் மறுபடி தொடங்குகிறது. ஸுலைஹா ஆணியை எடுக்கவில்லை. இரண்டு விரலால் அதைச் சுவரோடு பிடித்தபடியே நிற்கிறாள்.